வசியத்தால் வருமோ அன்பு?

பிறர் தம்மை விரும்ப வேண்டும் என்னும் ஆசை மனிதருக்கு இயல்பானது. பதினைந்து பதினாறு வயதில் அவ்வாசை பசியைப் போலவும் தாகத்தைப் போலவும் வருத்தும். வகுப்பில் யார் அருகில் யார் அமர்கிறார், இடைவேளையில் யாரோடு யார் பேசுகிறார், யாரைக் கண்டதும் யார் முகத்தைத் திருப்பிக் கொள்கிறார் என்பன பெரியவர்களுக்கு அற்ப விஷயங்கள். அவ்வயதினருக்கோ அவையே உலகம். அந்த வேளையில் ஒருவர் வந்து, "இதோ ஒரு மந்திரம், இதைச் செபித்தால் நீ விரும்புகிறவர் உன்னையே நினைந்து உருகுவார்" என்று கூறுவாராயின், வேண்டாம் என்று மறுக்கும் மனத்திடம் எத்தனை பேருக்கு இருக்கும்?

இந்த வினாவை எடுத்துக்கொண்டு, சிரிப்பும் நடுக்கமும் கலந்து விடை கூறிய தொலைக்காட்சி நாடகம் ஒன்றைப் பற்றி இன்று வாசக நேயர்களுடன் சிறிது உரையாட விரும்புகிறோம். வசியம் என்ற சொல் நமக்குப் புதியதன்று. மாந்திரிக நூல்கள் வகுத்த அட்ட கருமங்களுள் அதுவும் ஒன்று. ஆயினும் அதனை ஒரு பாடசாலைக்குள் கொண்டுவந்து வைத்து, அது பலித்தால் என்ன ஆகும் என்று கடைசிவரை சென்று பார்த்த கதைகள் மிகச் சிலவே.

அமெரிக்காவில் தயாரான அத்தொடரின் பெயர் 'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்' என்பது. 'காட்டேரிகளை மாய்க்கும் பஃபி' எனத் தமிழில் கூறலாம். ஜோஸ் வீடன் என்பவர் அதனை ஆக்கினார். 1997 மார்ச் 10ஆந் திகதி தொடங்கி 2003 மே 20ஆந் திகதி நிறைவெய்திய அத்தொடர், ஏழு பருவங்களில் 144 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று.

கதை நிகழும் இடம், கலிபோர்னியா மாநிலத்தில் உள்ளதாகக் கற்பனை செய்யப்பட்ட சன்னிடேல் என்னும் சிற்றூர். அவ்வூர்ப் பாடசாலைக்குக் கீழே நரகத்தின் வாய் இருக்கிறது. அதன் காரணமாகப் பேய்களும் பூதங்களும் இரத்தக் காட்டேரிகளும் அவ்வூரை நாடி வருகின்றன. அவற்றை எதிர்த்து நிற்பதற்கெனத் தலைமுறைக்கு ஒரு பெண் தோன்றுவாள். இம்முறை அப்பொறுப்பு பஃபி என்னும் பதினாறு வயது மாணவியின் தலையில் விழுகிறது. பகலில் வீட்டுப்பாடமும் பரீட்சையும். இரவில் இடுகாட்டில் காவல். அவளுக்குத் துணை நிற்போர் மூவர்: படிப்பிற் சிறந்த வில்லோ, விகடப் பேச்சில் வல்ல சாண்டர், பாடசாலை நூலகரும் பஃபியின் வழிகாட்டியுமான ஜைல்ஸ்.

பாடசாலையே போர்க்களம்

இத்தொடரின் உத்தி எளிமையானது. மாணவர் மனத்துள் ஒளிந்திருக்கும் அச்சம் எதுவோ, அதுவே உருவெடுத்து வெளியே வந்து நிற்கும். அவ்வளவுதான். ஆனால் அந்த ஓர் உத்தியைக் கொண்டு பாடசாலை வாழ்க்கையின் பல மூலைகளை அது துருவிக் காட்டிவிட்டது.

தொடரின் முதற் பருவத்தில், 1997இல் வந்த ஒரு பகுதியை எடுத்துக் கொள்வோம். மார்சி என்னும் மாணவி ஒருத்தி. வகுப்பில் அவள் கையை உயர்த்துவாள். ஆசிரியர் கண்ணில் அது படாது. தோழியர் நடுவே ஒரு வேடிக்கை சொல்வாள். ஒருவர் காதிலும் அது விழாது. பாடசாலை ஆண்டு மலரில் அவளுக்கெனச் சகமாணவர் எழுதியவை எல்லாம், விடுமுறை இனிதாகுக என்னும் ஒரே வெறும் வாழ்த்து. யாரென்றே தெரியாத ஒருத்திக்கு வேறென்ன எழுத முடியும்? ஒருவராலும் காணப்படாமலே இருந்த அப்பெண், ஒரு நாள் உண்மையிலேயே கண்ணுக்குப் புலனாகாதவளாய் மறைந்துவிடுகிறாள். பின்னர் மறைந்திருந்தே பழிவாங்கப் புறப்படுகிறாள்.

அதே பருவத்தில் மற்றொரு கதை. கத்தரின் என்னும் தாய், தன் இளமையில் அப்பாடசாலையின் விளையாட்டுப் போட்டிகளில் ஆடிப் பாடி உற்சாகமூட்டும் மகளிர் அணிக்குத் தலைவியாய் விளங்கியவள். பாடசாலை முழுவதும் தன்னைக் கொண்டாடிய அந்நாட்களை அவளால் மறக்க முடியவில்லை. மகள் ஏமிக்கோ அதில் நாட்டமில்லை. தாய் சூனியம் கற்றவள். மகளின் உடலுக்குள் தான் புகுந்து, தன் உடலுக்குள் மகளைத் தள்ளி, இரண்டாம் முறையும் மாணவியாகி அணியில் இடம்பெற முயல்கிறாள். தனக்குப் போட்டியாக நின்ற பெண்களுக்கெல்லாம் தீங்கு செய்கிறாள். இறுதியில் தான் ஏவிய மந்திரமே தன்மேல் திரும்ப, முன்பு தான் பெற்ற வெற்றிக் கிண்ணத்தின் சிலைக்குள்ளேயே அவள் சிறைப்பட்டுப் போகிறாள். பாடசாலைப் புகழை வாழ்நாள் முழுவதும் விடாது பற்றிக் கொண்டிருப்போருக்கு இதைவிடப் பொருத்தமான சிறைச்சாலை வேறேது?

இவ்விரு கதைகளுக்கும் நடுவே நிற்பவள் கோர்டீலியா. செல்வர் வீட்டுப் பெண்; அழகி; பாடசாலையிலுள்ள பெண்களுக்கெல்லாம் இராணி போன்றவள். அவள் எதை உடுத்துகிறாளோ அதைத் தோழியரும் உடுத்துவர். அவள் யாரை இகழ்கிறாளோ அவரைத் தோழியரும் இகழ்வர். அத்தகையவளே மார்சியின் கதையில் பஃபியிடம் மனந்திறந்து ஓர் உண்மையைச் சொல்லி விடுகிறாள். தன்னைச் சூழ இத்தனை பேர் நின்றாலும், அவர்களுள் ஒருவரும் தன்னை அறிந்தவரல்லர். புகழுள்ள இடத்தில் நிற்க விரும்பியே அவர்கள் வந்து நிற்கிறார்கள் என்பது அவள் கூறியதன் கருத்து. அப்படியானால் ஏன் அந்தப் புகழுக்காகப் பாடுபடுகிறாய் என்று கேட்டால், தனியே தனித்திருப்பதைக் காட்டிலும் கூட்டத்தில் தனித்திருப்பது மேல் என்பதே அவள் விடை. பதினாறு வயதுப் பெண் கூறும் இவ்விடையைக் கேட்டு நாம் சிரிப்பதா, இரங்குவதா?

மந்திரம் பலித்த கதை

இனி, நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம். இரண்டாம் பருவத்தில், 1998 பெப்ரவரி 10ஆந் திகதி ஒரு பகுதி ஒளிபரப்பாயிற்று. அதன் பெயரை 'மயங்கி, மலைத்து, மதிகலங்கி' என்று தமிழிற் கூறலாம். 1940ஆம் ஆண்டு நியூயோர்க்கில் மேடையேறிய 'பால் ஜோயி' என்னும் இசை நாடகத்தின் பாட்டொன்றிலிருந்து அப்பெயர் எடுக்கப்பட்டது. எழுதியவர் மார்ட்டி நோக்சன். நெறிப்படுத்தியவர் ஜேம்ஸ் கோன்ட்னர்.

சாண்டரும் கோர்டீலியாவும் எலியும் பூனையும் போல் சண்டையிட்டு வந்தவர்கள். எப்படியோ அச்சண்டை அன்பாக மாறிவிட்டது. முதலில் மறைத்து வைத்தார்கள், பின்னர் ஊரறிந்தது. அறிந்த நாள் முதல் கோர்டீலியாவின் தோழியர் அவளைக் கண்டும் காணாதவர் போல் விலகத் தொடங்கினர். பாடசாலையில் மதிப்பில்லாத ஒருவனோடு பழகியவளுக்குத் தங்கள் நடுவே இடமில்லை என்பது அவர்கள் தீர்ப்பு. அத்தீர்ப்பைக் கூறுவதில் முன்னின்றவள் ஹார்மனி என்னும் தோழி.

காதலர் தினம் வருகிறது. சாண்டர் தன் கைக்காசைச் செலவிட்டு வெள்ளியிலான இதய வடிவப் பதக்கம் ஒன்றை வாங்கி, இளைஞர் கூடி ஆடும் மண்டபத்தில் கோர்டீலியாவிடம் கொடுக்கிறான். அவள் அதை வாங்குகிறாள், அழகாயிருக்கிறது என்கிறாள், மறுகணமே, நாம் பிரிந்துவிடுவோம் என்கிறாள். மறுநாள் பாடசாலை முழுவதும் அவனைப் பார்த்துச் சிரிக்கிறது.

சாண்டரின் மனத்தில் அப்பொழுது இரண்டு புண்கள் இருந்தன. அன்பை இழந்த புண் ஒன்று. ஊரார் முன் தலைகுனிந்த புண் மற்றொன்று. இரண்டினுள் அவனை அதிகம் எரித்தது இரண்டாவதே என்பதைக் கதை நன்கு காட்டுகிறது. கத்தரினின் மகள் ஏமி தாயின் வித்தையை இரகசியமாகக் கற்றுவருகிறாள் என்பதும், வீட்டுப்பாடம் செய்யாமலே ஆசிரியரை மந்திரத்தால் ஏமாற்றினாள் என்பதும் அவன் கண்ணில் பட்டுவிடுகின்றன. அவ்விரகசியத்தைச் சொல்லி மிரட்டி, கோர்டீலியாவின்மேல் வசியம் ஏவும்படி கேட்கிறான். காதல் மந்திரத்துக்குத் தூய எண்ணம் வேண்டுமே என்று ஏமி தயங்குகிறாள். தன் எண்ணம் மிகத் தூயது, அது கலப்பற்ற பழிவாங்கும் எண்ணம் என்று அவன் விடையிறுக்கிறான். கோர்டீலியா தன்னை விரும்பி ஏங்க வேண்டும். ஏங்கிய பிறகு அவளை ஊரார் முன் தான் உதறித் தள்ள வேண்டும். அவன் வேண்டியது காதலை அன்று, கணக்குத் தீர்ப்பதையே.

சடங்குக்கு அவளுடைய பொருள் ஒன்று தேவை. தந்த பதக்கத்தைத் திருப்பிக் கேட்கிறான். அது பெட்டகத்துள் கிடக்கிறது என்று அவள் அலட்சியமாகச் சொல்லி, பெட்டகத்தின் கதவைத் திறந்து, அதன் மறைவில் நின்று தன் கழுத்திலிருந்து அதைக் கழற்றித் தருகிறாள். அவன் அறியான், பார்க்கும் நாம் அறிவோம். எந்த அன்பை மந்திரத்தால் வரவழைக்க அவன் ஓடினானோ, அந்த அன்பு ஆடைக்குள் மறைந்து அவள் கழுத்திலேயே கிடந்தது.

மந்திரம் பலித்தது, ஆனால் தலைகீழாகப் பலித்தது. கோர்டீலியா ஒருத்தியைத் தவிர ஊரிலுள்ள பெண்கள் எல்லாரும் சாண்டர்மீது மையல் கொண்டனர். பஃபி, வில்லோ, மந்திரம் ஏவிய ஏமி, கணினி ஆசிரியை, பாடசாலை உணவுச்சாலைப் பணிப்பெண், பஃபியின் தாய் ஜோய்ஸ், துருசில்லா என்னும் பெண் காட்டேரி என ஒருவரும் தப்பவில்லை. அவன் நடந்து சென்றால் வழிநெடுகப் பெண்கள் நின்று நோக்குகின்றனர். பாடசாலை இளைஞன் எவனும் கனவிற் காணும் காட்சி அது. ஆனால் அக்கனவு அரை நாள்கூட நீடிக்கவில்லை. விரும்பியவர்கள் ஒருவரையொருவர் பகைக்கிறார்கள். பொறாமையால் ஏமி பஃபியை எலியாக்கி விடுகிறாள். (பஃபியாக நடித்த சாரா மிஷெல் கெல்லர் 1998 ஜனவரியில் வேறொரு புகழ்பெற்ற நகைச்சுவை நிகழ்ச்சியை நடத்த நியூயோர்க் சென்றிருந்ததால், கதையில் அவரை எலியாக்கிச் சமாளித்தார்கள் என்பது சுவையான செய்தி.) சாண்டரை வருத்தியவள் என்று கோர்டீலியாவை அவள் தோழியரே சூழ்ந்து தாக்குகிறார்கள். தனக்குக் கிடையாதவன் எவளுக்கும் கிடைக்கலாகாது என்று கோடரியும் கத்தியும் ஏந்திய பெண் கூட்டம் ஒன்று இருவரையும் துரத்துகிறது. கோடரி ஏந்தி வந்தவள், சிறுவயது முதல் சாண்டரை உள்ளத்தில் வைத்துப் போற்றிய வில்லோ. நூலகர் ஜைல்ஸ் கடுஞ்சினத்தோடு ஏமியைக் கொண்டு மந்திரத்தை மாற்றிய பிறகே எல்லாரும் தன்னுணர்வு பெறுகின்றனர்.

மறுக்கும் உரிமை

இக்கதையில் நாம் நின்று நினைக்க வேண்டிய இடங்கள் இரண்டு உள.

முதலாவது, மயக்கத்திலிருந்த பஃபி, நாணத்தை மறந்து தனியே சாண்டரைத் தேடி வரும் இடம். பஃபியைச் சந்தித்த நாள்முதல் அவளை விரும்பியவன் அவன். அவளோ அவனை நண்பனாக மட்டுமே எண்ணினாள். இப்பொழுது அவளே வருகிறாள். ஆனால் அவன் மறுத்து விடுகிறான். தனக்கு ஆசை இல்லை என்பதால் அன்று. பேசுவது அவள் அல்லள், மந்திரம் என்பதை அறிந்ததால். எல்லாம் முடிந்த பின், நடந்தது முழுவதும் தனக்கு நினைவிருக்கிறது என்றும், தன் நிலையைப் பயன்படுத்திக் கொள்ளாமல் அவன் விலகியது பெரிதென்றும் பஃபி அவனிடம் சொல்கிறாள். பிழை செய்த இளைஞன், அப்பிழையின் நடுவிலும் ஓர் எல்லையைக் கடவாமல் நின்றதால்தான் அவள் நட்பு அவனுக்கு மிஞ்சியது.

'வேண்டாம்' என்று சொல்ல முடியாதவர் சொல்லும் 'வேண்டும்' என்பதற்கு மதிப்பில்லை. வசியத்தின் குற்றம் முழுவதும் இதனுள் அடங்கிவிடுகிறது. மந்திரம் உண்டா இல்லையா என்ற வாதம் இங்கு வேண்டியதில்லை. மந்திரமின்றியும் ஒருவரின் விருப்பத்தை நெரிக்கலாம். "நீ மறுத்தால் உயிரை விடுவேன்" என்பதும், இரகசியத்தைச் சொல்லிவிடுவேன் என்பதும், நாள்தோறும் பின்தொடர்ந்து சலிக்கச் செய்து இணங்க வைப்பதும் வசியத்தின் உடன்பிறப்புகளே. ஏமியைச் சாண்டர் மிரட்டிய அக்கணத்திலேயே, முதல் மந்திரம் உச்சரிக்கப்படுவதற்கு முன்னரே, வசியம் தொடங்கிவிட்டது என்பது எம் கருத்து.

இரண்டாவது இடம், கதையின் முடிவு. கோர்டீலியா மீண்டும் தன் தோழியரோடு நடந்து வருகிறாள். எதிரே சாண்டர். ஹார்மனி வழக்கம்போல் அவனை இழித்துரைக்கிறாள். கோர்டீலியா அப்பொழுது நின்று, அவளை ஓர் ஆடு என்கிறாள். முன்னே போகும் ஆட்டின் பின்னே போவதன்றி வேறறியாதவள் என்கிறாள். தான் விரும்பியதை உடுத்துவதாகவும், தான் விரும்பியவனோடு பழகுவதாகவும், அவன் எவ்வளவு மதிப்பற்றவனாயினும் அது தன் விருப்பம் என்றும் எல்லாருங் கேட்கச் சொல்லிவிட்டுச் சாண்டரோடு நடக்கிறாள். நான்கு அடி சென்றதும் அவளுக்கு நடுக்கம் பிடிக்கிறது. ஐயோ என்ன செய்துவிட்டேன் என்று பதைக்கிறாள். அவன் அவளைத் தேற்றிக்கொண்டே அழைத்துச் செல்கிறான்.

இவ்விரு இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். சாண்டரின் மந்திரத்தால் மயங்கியவர்கள் அரை நாளில் தெளிந்துவிட்டனர். ஹார்மனியும் அவள் கூட்டமுமோ எந்த மந்திரமும் இன்றியே மயங்கிக் கிடப்பவர்கள். யாரை விரும்புவது, யாரை வெறுப்பது என்பதைத் தம் மனத்தைக் கேளாமல் கூட்டத்தைக் கேட்டு அறிபவர்கள். அக்கூட்டத்துக்கு அஞ்சியே கோர்டீலியா தன் அன்பை ஒளித்தாள். அக்கூட்டத்தின் முன் நாணியே சாண்டர் மந்திரத்தை நாடினான். மந்திரம் அவனுக்குத் தந்ததும் மற்றொரு கூட்டமே. பகலில் போற்றிய அக்கூட்டம் இரவில் கோடரி எடுத்தது. புகழ் என்பதன் இரு முகங்களையும் ஒரே நாளில் கண்டான் அவன். அவனுக்கு உண்மையில் கிடைத்த அன்பு, கூட்டத்திலிருந்து வெளியேறிய ஒருத்தியிடமிருந்தே வந்தது. மந்திரம் தீண்டாத ஒருத்தியிடமிருந்தே வந்தது.

பழையோர் கண்ட நெறி

இவ்வுண்மை புதிதன்று. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கக் கவிஞர் தியோக்கிரிட்டஸ், சிமைத்தா என்னும் பெண்ணைப் பாடினார். தன்னைக் கைவிட்ட காதலனை மீட்க அவள் நிலவொளியில் மந்திரச் சக்கரம் சுழற்றி, மெழுகை உருக்கி, ஹெக்கேட் என்னும் தெய்வத்தை அழைக்கிறாள். சன்னிடேலில் ஏமி பஃபியை எலியாக்கும்போது அழைக்கும் தெய்வமும் ஹெக்கேட்தான். இருபத்திரண்டு நூற்றாண்டு கழிந்தும் முகவரி மாறவில்லை! காதலன் திரும்பி வந்தானா என்பதை அப்பாடல் கூறாது; அவள் தன் ஏக்கத்தைத் தானே சுமக்கத் துணிவதோடு அது முடிகிறது.

அவருக்கும் முற்பட்ட நாடகாசிரியர் சொபோக்கிளிஸ் காட்டும் தெயனீராவின் கதை இன்னும் கொடியது. கணவன் ஹெராக்கிளிஸின் மனம் வேறொருத்திபால் சென்றதென அஞ்சி, வசிய மருந்தென்று நம்பிய ஒன்றைத் தடவி அவனுக்கு மேலாடை அனுப்புகிறாள். அது நஞ்சு. அவன் உடல் வெந்து வீழ்கிறான். செய்தி கேட்ட அவள் தன்னுயிரை மாய்த்துக் கொள்கிறாள்.

நம் வாசகர் நன்கறிந்த பாரதத்திலும் இவ்விஷயம் பேசப்படுகிறது. வன பருவத்தில், பாண்டவரைக் காணக் கண்ணனோடு வந்த சத்தியபாமை, ஐந்து கணவரும் உன்னிடம் இவ்வளவு அன்பாயிருப்பது மந்திரத்தாலோ மருந்தாலோ என்று திரௌபதியை வினவுகிறாள். திரௌபதிக்கு அவ்வினாவே பிடிக்கவில்லை. மனைவி மந்திரத்தையும் வேரையும் நாடுகிறாள் என்று அறிந்த கணவன், வீட்டினுள் பாம்பு புகுந்தாற்போல் அஞ்சுவான்; அஞ்சுகிறவனுக்கு அமைதி ஏது, அமைதியற்ற இடத்தில் இன்பம் ஏது என்பது அவள் விடையின் சாரம். மருந்தென்று கொடுத்து ஆடவரை நோயாளராக்கிய பெண்களையும் அவள் நினைவூட்டுகிறாள். மனைவியின் கடமைகளென அவள் தொடர்ந்து கூறுவனவற்றுள் இன்றைய பெண்கள் ஏற்காதன பல உண்டு. வசியத்தைப் பற்றி அவள் கூறியதோ இன்றும் செல்லும்.

தெளிந்தவரும் தவறும் இடம்

சன்னிடேலுக்குத் திரும்புவோம். அப்பாடம் ஒருமுறை கற்றால் போதுமானதாய் இருந்ததா? இல்லை என்றே தொடர் கூறுகிறது.

ஆறாம் பருவத்தில், 2001ஆம் ஆண்டு வந்த பகுதிகளில், பெரும் மந்திரக்காரியாக வளர்ந்துவிட்ட வில்லோ, தன் காதல் துணையான தாரா என்னும் பெண்ணோடு பிணங்குகிறாள். மந்திரத்தை அளவின்றிக் கையாள்கிறாய் என்பது தாராவின் குறை. வில்லோ என்ன செய்தாள்? அப்பிணக்கு தாராவின் நினைவிலிருந்தே அழியும்படி மந்திரம் செய்துவிட்டாள். காலையில் தாரா புன்னகையோடு எழுகிறாள்; வீட்டில் அமைதி. உண்மை தெரிந்தபோது தாராவின் நெஞ்சம் உடைகிறது. வில்லோ திருந்துவதாக வாக்களித்தும் மறுபடி அதே மந்திரத்தை நாட, தாரா வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். இங்கே இருவருக்கும் அன்பு உண்டு, ஐயமேயில்லை. ஆனால் சண்டையிடும் உரிமையைப் பறித்துவிட்டுப் பெற்ற அமைதி, அன்பிருந்தும் நிலைக்கவில்லை. அன்றொரு நாள் சாண்டரின் மந்திரத்தால் தன் மனம் தன்வசமின்றி இருந்த துன்பத்தை அனுபவித்த அதே வில்லோ இதைச் செய்தாள் என்பது நெஞ்சைச் சுடுகிறது.

ஏழாம் பருவத்தில், 2002 நவம்பரில் வந்த பகுதி மீண்டும் நகைச்சுவை வழியிற் செல்கிறது. பாடசாலை விளையாட்டு வீரன் ஒருவன் அணியும் மேலங்கி ஒன்று. அதைக் கண்ட பெண்கள் எல்லாரும் அவன்மேல் பித்தாகின்றனர். பஃபியின் தங்கை டோன் அவனுக்காக மற்றொரு வீரனைப் படியிலிருந்து தள்ளுகிறாள். முடிவில் தன் அன்பை மெய்ப்பிக்க இரயில் தண்டவாளத்தில் சென்று படுக்கிறாள். பஃபி பாய்ந்து அவளைக் காப்பாற்றுகிறாள். அம்மேலங்கி அவனுக்கு அண்ணனிடமிருந்து வந்தது. ஒரு காலத்தில் பாடசாலையையே ஆண்ட அவ்வண்ணன், மேலங்கியைக் கழற்றியபின் ஒருவரும் திரும்பிப் பாராத சாதாரண மனிதன். புகழ் ஆளிடம் இல்லை, அங்கியில் இருந்தது. இறுதியில் அங்கியைப் பறித்துத் தீயிலிடுகின்றனர். அதைப் பறிப்பவருள் ஒருவன் சாண்டர்! முன்பு தானே மந்திரத்தை நாடியவன், இப்பொழுது மந்திரத்தைக் கொளுத்துகிறான்.

நம் வீட்டு இளைஞருக்கு

இத்தொடரில் சண்டைகளும் அச்சமூட்டும் காட்சிகளும் வயதுவந்தோருக்குரிய உறவுகளும் உள்ளன. ஆதலின் சிறு பிள்ளைகளுக்கு உரியதன்று. வளர்ந்த பிள்ளைகள் பார்ப்பாராயின், பெற்றோர் உடனிருந்து பார்த்துப் பின்னர் கலந்து பேசுவது நன்று. "அந்தப் பையன் செய்தது சரியா? அவன் எங்கே நின்றிருக்க வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். கண்டித்துச் சொல்லும் பத்துப் புத்திமதிகளிலும் பார்க்க அக்கேள்வி பயன்தரும்.

மாணவ மாணவியருக்கும் ஒரு சொல். இக்காலத்தில் புகழ் பாடசாலை வாயிலோடு நிற்பதில்லை. கைத்தொலைபேசியில் எத்தனை பேர் விருப்பக்குறி இட்டனர் என்பது படுக்கைக்கும் உடன்வருகிறது. எண்ணிக்கை ஏறும்போது மனம் ஏறுவதும் இறங்கும்போது இறங்குவதும் இயல்பே. அதற்காக நாணவேண்டியதில்லை. ஆனால் உங்கள் நண்பர் ஒருவரைப் பிறர் இகழும்போது, அவ்வெண்ணிக்கைக்கு அஞ்சி நீங்களும் வாய்மூடி நின்றதுண்டா என்பதை மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஒருவரை விரும்பி, அவர் உங்களை விரும்பாதிருந்தால், அது வலிக்கும். சில நாள் நன்றாகவே வலிக்கும். அவ்வலிக்கு மருந்து காலமும் நல்ல நண்பரும் வீட்டாரின் பரிவுமேயன்றி, அவர் மனத்தை வளைக்கும் தந்திரமன்று. உங்களை ஒருவர் விரும்பி, நீங்கள் அவரை விரும்பாதிருந்தாலோ, மறுப்பதற்கு உங்களுக்கு உரிமையுண்டு. மென்மையாகச் சொல்லுங்கள், ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். அவ்வுரிமையை எவரேனும் மிரட்டிப் பறிக்க முயன்றால் அன்றே பெற்றோரிடமோ நம்பத்தக்க ஆசிரியரிடமோ கூறுங்கள்.

கோர்டீலியா தன் தோழியர் முன் நின்று பேசியபோது அவளுக்கு உதவ எந்த மந்திரமும் இருக்கவில்லை. கால்கள் நடுங்கின; நெஞ்சு படபடத்தது. மறுநாள் பாடசாலையில் என்ன நடக்குமோ என்ற அச்சமும் இருந்தது. இருந்தும் தன் வாயால், தன் விருப்பத்தை, எல்லாருங் கேட்கச் சொன்னாள். சாண்டருக்கு ஊர்முழுவதும் தந்த வசியக் காதலைவிட, நடுங்கிக்கொண்டே அவள் கூறிய அச்சில சொற்களே பெரிய பரிசாயின.